விழிப்புணர்வுப் பிரசாரம்: போஸ்டர் ஒட்டினால் குடித்துவிட்டு ஓட்டுவது குறையுமா?

சாலைத்தோழன்:
எங்கள் தன்னார்வக் குழு மூன்று மாதம் நடக்கிற மாதிரி ஒரு பிரசாரம் திட்டமிடுகிறது. கையில் இருக்கும் யோசனைகள்: சாலைச் சந்திப்புகளில் பதாகை, நசுங்கிய கார் ஒன்றைக் காட்சிக்கு வைப்பது, கல்லூரிகளில் போதைக் கண்ணாடியை (குடித்தவர் பார்வைபோல எல்லாவற்றையும் கோணலாகக் காட்டுவது) மாட்டிக் கோட்டின் மேல் நடக்கவிடுவது, உறுதிமொழிக் கையெழுத்து. காவல்துறையோடு இன்னும் பேசவில்லை. இவற்றில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம்? துறையில் இருப்பவர்கள் காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும். குடியைப் பற்றி மட்டும் பேசினால் போதுமா என்பதும் ஒரு கேள்வி.

இரவுச்சோதனை:
நண்பரே, பதாகை அச்சுக்குப் போகும் முன் காவல்துறையோடு பேசி முடியுங்கள். அந்த வரிசை மாறினால் பிரசாரம் கொஞ்ச நாளில் நீர்த்துப்போகும்.

பிரிட்டனில் 1967 அக்டோபர் 9 அன்று மூச்சுச் சோதனைச் சட்டம் அமலுக்கு வந்தது. 100 மி.லி. ரத்தத்தில் 80 மி.கி. ஆல்கஹால் வரம்பு. நாடு முழுக்க விளம்பரம், பத்திரிகைகளில் அதே பேச்சு. வார இறுதி இரவுகளில் அடிபடுவோர் எண்ணிக்கை சட்டென்று சரிந்தது. ஆனால் சந்தேகம் இருந்தாலோ, ஓட்டுநர் விதியை மீறினாலோ, விபத்து நடந்தாலோதான் போலீஸ் ஊதச் சொல்ல முடியும். தான் மாட்டும் வாய்ப்பு உண்மையில் மிகக் குறைவு என்பதைச் சில ஆண்டுகளில் மக்கள் கண்டுகொண்டார்கள். எண்ணிக்கை மறுபடி ஏறியது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1982 டிசம்பர் 17-இல் தொடங்கியது வேறு மாதிரி. சந்தேகமே வேண்டாம், யாரை வேண்டுமானாலும் நிறுத்தி ஊதச் சொல்லலாம். சாலையோரம் எல்லோர் கண்ணிலும் படும்படி சோதனை, கூடவே தொடர்ச்சியான விளம்பரம். சாலை மரணங்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. சோதனையும் விளம்பரமும் விடாமல் தொடர்ந்ததால் அது நிலைத்தது.

வித்தியாசம் தண்டனையின் கடுமையில் இல்லை. "இன்றைக்கு ராத்திரி என்னை நிறுத்துவார்கள்" என்ற எண்ணம் வருகிறதா, அந்த எண்ணம் பொய்க்காமல் இருக்கிறதா, இவை இரண்டும்தான். அதனால் காவல்துறையிடம் கேட்க வேண்டியவை: வாரத்துக்கு எத்தனை இரவு, எத்தனை மணியிலிருந்து, எத்தனை வண்டி. ஒரே இடத்தில் ராத்திரி முழுக்க நின்றால் அரை மணியில் வாட்ஸ்அப்பில் தெரிந்துவிடும், சந்து வழியாகப் போய்விடுவார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஓர் இடம் என்று நகர வேண்டும். விளம்பரத்தில் "இந்த வாரம் முழுக்கச் சோதனை உண்டு" என்று சொல்லுங்கள், இடத்தைச் சொல்லாதீர்கள். சோதனை நடக்காத வாரத்தில் அந்த விளம்பரத்தைப் போடாதீர்கள். ஒரு தடவை பொய்யானால் அடுத்த தடவை யாரும் நம்ப மாட்டார்கள்.

கோட்டைவாசல்:
சட்டமெல்லாம் சரி சார். ஆனா மக்களுக்குப் பயம் வரணும்ல? நசுங்கின காரையும், அடிபட்டவங்க போட்டோவையும் போட்டாத்தான் மனசுல பதியும். மென்மையா சொன்னா யார் கேக்கறாங்க?

சொல்லும்விதம்:
கோட்டைவாசல், படம் மனதில் பதியும், அதில் சந்தேகமில்லை. பதிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் சிக்கல். பயம் காட்டிவிட்டு, அதிலிருந்து தப்ப எளிதான ஒரு வழியைக் காட்டாவிட்டால், பார்ப்பவர் அந்தப் பயத்தைத்தான் தள்ளிவிடுவார். "அவன் ஓவரா குடிச்சிருப்பான்", "எனக்கு ஓட்டத் தெரியும்", "பக்கத்துலதானே வீடு" என்று மனம் சமாதானம் தேடிக்கொள்ளும். யாருக்காகப் பிரசாரமோ அந்த இளைஞர்களிடம்தான் இந்தச் சமாதானம் அதிகம். ஏற்கெனவே குடித்துவிட்டு ஓட்டாதவர்கள்தான் அந்தப் படத்தைப் பார்த்து நடுங்குவார்கள்.

பயப்படம் வைத்தே தீரவேண்டும் என்றால் அதே பலகையில் செய்யவேண்டியதையும் வையுங்கள். "குடித்துவிட்டு ஓட்டாதீர்" என்பது செய்யக்கூடாததை மட்டும் சொல்கிறது. "கிளம்பும் முன்னே திரும்பி வரும் வண்டியை முடிவு செய்யுங்கள்" என்பது செய்யவேண்டியதைச் சொல்கிறது, அதுவும் புத்தி தெளிவாக இருக்கும் நேரத்தில். ஆல்கஹால் முதலில் மழுங்கடிப்பது தன்னைத் தானே எடைபோடும் திறனை. மூன்றாவது ரவுண்டுக்குப் பிறகு "ஓட்ட முடியுமா?" என்று யாரைக் கேட்டாலும் முடியும் என்றே பதில் வரும். ஆகவே உங்கள் பிரசாரம் பேசவேண்டிய நேரம் மாலை ஆறு மணி, நள்ளிரவு அல்ல.

இன்னொன்று. "எல்லாரும் குடிச்சிட்டு ஓட்டறாங்க, நிறுத்துங்க" என்ற தொனி வேண்டாம். எல்லோரும் செய்கிறார்கள் என்பதுதான் காதில் விழும், அதுவே அனுமதி ஆகிவிடும். அமெரிக்காவின் மோண்டானா மாநிலத்தில் 21 முதல் 34 வயதுவரை உள்ளவர்களிடம் கணக்கெடுத்துவிட்டு, பெரும்பாலோர் குடித்து ஓட்டுவதில்லை என்ற உண்மையையே பிரசாரத்தின் மையமாக வைத்தார்கள். நீங்களும் அப்படிச் சொல்ல விரும்பினால் முதலில் கணக்கெடுங்கள். இல்லாத பெரும்பான்மையைச் சொன்னால் எடுபடாது.

எதுகை மோனையில் வாசகம் எழுதும் ஆசை நம்மிடம் அதிகம். கேட்க இனிமையாக இருக்கும். என்ன செய்ய வேண்டும் என்பது அதில் காணாமல் போயிருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

மூன்றாம்ரவுண்டு:
ஒரு சந்தேகம். ரெண்டு ரவுண்டுவரை பரவாயில்லை, பீர்னா கணக்கே இல்லைன்னு சொல்றாங்களே. துண்டறிக்கையில "இவ்வளவுவரை பாதுகாப்பு"ன்னு ஒரு அட்டவணை போடலாமா?

ரத்தஅளவு:
அட்டவணை வேண்டாம். ஏன் என்பதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

மி.லி. அளவை மதுவின் சதவீதத்தால் பெருக்கி, அதை 0.789-ஆல் பெருக்கினால் கிராம் கணக்கில் சுத்த ஆல்கஹால். 42.8 சதவீதம் உள்ள 60 மி.லி. மதுவில் சுமார் 20 கிராம். 5 சதவீத பீர் 330 மி.லி. என்றால் 13 கிராம். 8 சதவீத பீர் 500 மி.லி. என்றால் 31 கிராமுக்கு மேல். "பீர்தானே" என்ற பேச்சு இங்கேயே முடிகிறது.

குடித்த அளவையும் உடல் எடையையும் வைத்து ரத்த ஆல்கஹாலைக் கணிக்கும் விட்மார்க் சூத்திரப்படி 70 கிலோ ஆணுக்கு அந்த 20 கிராம், 100 மி.லி. ரத்தத்தில் சுமார் 43 மி.கி. வரை கொண்டுபோகும். 55 கிலோ பெண்ணுக்கு அதே 20 கிராம் 67 மி.கி. அளவுக்குப் போகும், உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால். வெறும் வயிறா, எவ்வளவு வேகமாகக் குடித்தார், கல்லீரல் எப்படி, வேறு மருந்து எடுக்கிறாரா என்று இன்னும் பல மாறும். இத்தனையையும் ஒரு கட்டத்தில் அடைத்து "பாதுகாப்பு" என்று எழுதினால், படிப்பவர் தனக்குச் சாதகமான வரியைத்தான் எடுத்துக்கொள்வார். சட்ட வரம்பும் நாட்டுக்கு நாடு வேறு: ஸ்வீடனில் 20, இந்தியாவில் 30, பல ஐரோப்பிய நாடுகளில் 50, இங்கிலாந்தில் 80. வரம்புக்குக் கீழே இருந்தால் உடல் தெளிவாக இருக்கிறது என்று பொருளல்ல. 50-க்குள்ளேயே கவனத்தைப் பிரிப்பதும் வேகத்தைக் கணிப்பதும் தடுமாறத் தொடங்கிவிடும். இரு சக்கர வண்டிக்குச் சமநிலையும் வேண்டும் என்பதால் இன்னும் சீக்கிரம் வெளிப்படும்.

துண்டறிக்கையில் அட்டவணைக்குப் பதிலாக இதைப் போடுங்கள். உடல் ஆல்கஹாலை வெளியேற்றும் வேகம் 100 மி.லி. ரத்தத்துக்கு மணிக்குச் சுமார் 15 மி.கி. தான். அதே 70 கிலோ நபர் இரவு 9 மணிக்குத் தொடங்கி 60 மி.லி. அளவில் நான்கு குடித்தால் மொத்தக் கணக்கு 170 மி.கி. காலை 6 மணிக்குள் ஒன்பது மணி நேரத்தில் 135 கழியும். மிச்சம் 35. தூங்கி, குளித்து, காபி குடித்து, வேலைக்கு வண்டியை எடுக்கும்போதும் சில நாடுகளின் வரம்பைத் தாண்டியே இருக்கிறார். ஆறு குடித்திருந்தால் காலை 6 மணிக்குச் சுமார் 120. மறுநாள் காலை என்பதைப் பிரசாரங்கள் தொடுவதே இல்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

காபி, எலுமிச்சை, மோர், பச்சைத் தண்ணீர்க் குளியல், வாந்தி எடுப்பது எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. காபி தூக்கத்தை விரட்டும், போதையை விரட்டாது. முன்கூட்டிச் சாப்பிடுவது உச்ச அளவைத் தாழ்த்தும், தள்ளிப்போடும், அவ்வளவே.

மூன்றாம்ரவுண்டு:
சிலர் எவ்வளவு குடிச்சாலும் ஸ்டெடியா நிக்கறாங்களே, அவங்களுக்கும் இதே கணக்கா?

ரத்தஅளவு:
ரத்தத்தில் இருக்கும் அளவு அதேதான். பழகிய உடல் தள்ளாட்டத்தையும் குழறலையும் மறைக்கக் கற்றுக்கொள்கிறது. பழகிய வழியில் நேராகப் போவதுவரை சமாளிப்பார். திடீரென்று ஒரு குழந்தை குறுக்கே வந்தால் பிரேக்குக்குக் கால் போகும் நேரத்தைப் பழக்கம் சரிசெய்யாது. "ஸ்டெடியாக இருக்கிறார்" என்பதை வைத்து யாரிடமும் சாவியைக் கொடுக்கக் கூடாது என்று பிரசாரத்தில் நேராகவே சொல்லலாம்.

கல்லூரிப்பயிற்சி:
போதைக் கண்ணாடி பற்றி. மாணவர்கள் கூடுவார்கள், சிரிப்பார்கள், படம் எடுப்பார்கள். குறை அதிலேயே இருக்கிறது. கண்ணாடி பார்வையை மட்டும் கோணலாக்குகிறது; மாட்டியவருக்குத் தான் தடுமாறுவது நன்றாகத் தெரிகிறது. குடித்தவருக்கு அது தெரியாது. நேர் எதிரான பாடம் பதிந்துவிடும் அபாயம் உண்டு: "இந்த அளவு கோணலாகத் தெரியவில்லை, அப்படியானால் நான் ஓட்டலாம்." கூட்டம் சேர்க்க மட்டும் வைத்துக்கொண்டு, கழற்றியதும் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள்: "உண்மையான போதையில் தடுமாற்றம் இருக்கும், தடுமாறுகிறோம் என்ற உணர்வு இருக்காது." பிறகு நேரத்தைப் பயிற்சிக்குச் செலவிடுங்கள்.

பயிற்சி என்றால் நண்பனைத் தடுக்கும் ஒத்திகை. இருவர் இருவராக, ஆளுக்கு மூன்று நிமிடம். கூட்டத்தின் நடுவில் பேசக் கூடாது, தனியே அழைத்துப் போக வேண்டும். பலர் முன்னால் தடுத்தால் மானப் பிரச்சினையாகிவிடும். "நீ குடிச்சிருக்க" என்று தொடங்கக் கூடாது, "இல்லை" என்ற வாதம்தான் வரும். "வண்டி சொல்லிட்டேன், பத்து நிமிஷத்துல வந்துடும், உன் பைக் இங்கேயே இருக்கட்டும், காலைல நானே வந்து கூட்டிட்டு வரேன்" என்று ஏற்பாட்டோடு பேச வேண்டும். அவர் ஏற்கெனவே வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்துவிட்டால் சாவியைப் பிடுங்கப் பாயக் கூடாது, முன்னால் போய் நிற்கவும் கூடாது. வண்டி எண், நிறம், எந்தத் திசையில் போனார் என்று அவசர எண்ணுக்குச் சொல்ல வேண்டும். இதைக் காட்டிக்கொடுப்பதாகப் பல மாணவர்கள் நினைக்கிறார்கள். ஒத்திகையில் அதைப் பேசித் தீர்ப்பதற்கே தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

உறுதிமொழிக் கையெழுத்தை மட்டும் தனியாக நடத்தினால் பலன் மிகக் குறைவு.

சாலைத்தோழன்:
நிகழ்ச்சியில் மூச்சு அளக்கும் கருவி வைத்து, வருகிறவர்கள் ஊதிப் பார்க்கட்டும் என்றும் ஓர் எண்ணம் இருந்தது.

இரவுச்சோதனை:
கவனம் வேண்டும். மது இருக்கும் இடத்தில் வைத்தால் யாருக்கு அதிக எண் வருகிறது என்று போட்டி தொடங்கிவிடும். குறைந்த எண் வந்தவர் அதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்வார். கடைசிக் கோப்பைக்குப் பிறகு உச்சம் வர அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்வரை ஆகும். ஊதும்போது பச்சை காட்டியவர் பாதி வழியில் சிவப்பாக இருப்பார்.

கருவிக் கோளாறும் உண்டு. மலிவான குறைகடத்தி உணரிகள் ஆல்கஹால் அல்லாத ஆவிகளுக்கும் எண் காட்டும். எரிபொருள் மின்கல உணரி நம்பகமானது, ஆனால் தயாரிப்பாளர் சொன்ன கால இடைவெளியில் அளவு திருத்த வேண்டும். குடித்த உடனே, ஏப்பம் விட்ட உடனே, வாய் கொப்பளிக்கும் திரவம் பயன்படுத்திய உடனே ஊதினால் வாயில் தங்கிய ஆல்கஹால் எண்ணைத் தாறுமாறாக ஏற்றும். 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். உங்கள் நிகழ்ச்சிக்கு இது வேண்டாம் என்பதே என் கருத்து.

மருந்துக்கூடம்:
குடியை மட்டும் பேசினால் போதுமா என்று முதலில் கேட்டிருந்தீர்கள். போதாது. சளிக்கும் அரிப்புக்கும் சீட்டில்லாமலே வாங்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள், அதாவது டைஃபென்ஹைட்ரமின், குளோர்ஃபெனிரமின் போன்றவை, கடுமையாகத் தூக்கத்தை இழுக்கும். 2000-இல் அமெரிக்காவின் ஐயோவாவில் ஓட்டுநர் பயிற்சிப் பொறியில் சோதித்தபோது, டைஃபென்ஹைட்ரமின் எடுத்தவர்கள், 100 மி.லி. ரத்தத்தில் சுமார் 100 மி.கி. ஆல்கஹால் இருந்தவர்களைவிட மோசமாக ஓட்டினார்கள். தனக்கு எவ்வளவு தூக்கமாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னதை வைத்து அவர்கள் எப்படி ஓட்டுவார்கள் என்று கணிக்கவும் முடியவில்லை. அதே வேலைக்குத் தூக்கம் தராத ஃபெக்ஸோஃபெனடின் போன்றவை இருக்கின்றன. "வண்டி ஓட்டுவேன், அதற்கேற்ற மாத்திரை கொடுங்கள்" என்று மருந்துக்கடையிலும் மருத்துவரிடமும் சொல்லும் பழக்கத்தை உங்கள் பிரசாரம் ஏற்படுத்தினாலே பெரிய வேலை.

தூக்க மாத்திரை மறுநாள் காலையிலும் ரத்தத்தில் இருக்கும். ஸோல்பிடெம் பெண்களின் உடலில் மெதுவாகக் கழிகிறது என்பதால், 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அவர்களுக்கான பரிந்துரை அளவை 10 மி.கி.யிலிருந்து 5 மி.கி.யாகக் குறைத்தது. பதற்றத்துக்கான மாத்திரைகள், டிரமடால், கோடீன் கலந்த வலி மருந்துகள், கண் பரிசோதனையில் பாவையை விரிக்கும் சொட்டுமருந்து எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். அந்தச் சொட்டு போட்ட பிறகு சில மணி நேரம் வெளிச்சம் கூசும். பரிசோதனைக்கு வரும்போதே கூட ஒருவர் வரவேண்டும். மருந்தைத் தொடங்கும் முதல் சில நாளும், அளவைக் கூட்டும் நாட்களும்தான் அதிக ஆபத்து. எந்த மாத்திரையானாலும் மேலே மது சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று பெருக்கும்.

பிரான்ஸில் மருந்துப் பெட்டியிலேயே கார் படம் போட்ட மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிலை எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். உங்களால் முடிந்தது, மருந்துக்கடைகளில் உறையில் ஒட்டும் ஸ்டிக்கர்: "இந்த மருந்து தூக்கம் தரும். வண்டி ஓட்டும் முன் கேளுங்கள்." கூடவே "மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். பயந்துபோய் வலிப்பு மருந்தை நிறுத்திவிட்டு ஓட்டுவது அதைவிடக் கொடுமை.

தூரவண்டி:
தூக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம் 100 மி.லி. ரத்தத்தில் 50 மி.கி. ஆல்கஹால் இருப்பதற்குச் சமம் என்று ஆஸ்திரேலியாவில் 1997-இல் அளந்து காட்டினார்கள். இதற்கு ஊதிப் பார்க்கும் கருவி கிடையாது. 80 கி.மீ. வேகத்தில் நான்கு நொடி கண் அசந்தால் கிட்டத்தட்ட 89 மீட்டர் யாருமே ஓட்டாத வண்டிதான் போகிறது. அதிகாலை 2 முதல் 5, மதியம் 2 முதல் 4 இரண்டும் கெட்ட நேரம். ஜன்னலைத் திறப்பது, பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவது, முகம் கழுவுவது எல்லாம் சில நிமிடத்துக்குத்தான். பாதுகாப்பான இடத்தில் நிறுத்திக் காபியைக் குடித்துவிட்டு உடனே 15, 20 நிமிடம் படுக்க வேண்டும். எழும்போது காபியும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். அரை மணிக்கு மேல் தூங்கி எழுந்தால் மந்தம் தெளியச் சற்று நேரம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கடைசி சில கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று நினைவில்லாவிட்டால் அதுவே நிறுத்தச் சொல்லும் அறிகுறி.

சாவிப்பெட்டி:
வீடு திரும்பும் வழியைப் பற்றி யாரும் இன்னும் விரிவாகச் சொல்லவில்லை. குடித்தவர் வண்டியை எடுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் வீட்டுக்குப் போகும் அவசரம் மட்டுமில்லை, வண்டியை விட்டுப்போக மனமில்லாததும்தான். திருடு போகுமோ, காலையில் அபராதம் போடுவார்களோ, வேலைக்கு எதில் போவது. இதைத் தீர்க்காமல் வாடகை வண்டி எண்ணைக் கொடுத்துப் பயனில்லை. மது பரிமாறும் இடத்தின் உரிமையாளர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியது, இரவு முழுக்க இலவசமாகப் பூட்டிய நிறுத்துமிடம், காலை 11 மணிவரை எடுத்துக்கொள்ளலாம் என்று பெரிதாக எழுதிய பலகை.

விருந்துகளில் சாவிப் பெட்டி நன்றாக உதவும், ஆனால் நுழையும்போதே வாங்க வேண்டும். நடுவில் கேட்டால் தகராறு. எண் போட்ட வில்லை ஒன்றை அவரிடம் கொடுத்து, அதன் இணையைச் சாவியில் கட்டுங்கள். பெட்டியருகே குடிக்காத இருவர் இருக்கட்டும். ஒருவரே இருந்தால் நெருக்கடியில் கொடுத்துவிடுவார். கூடவே அழைத்தால் வரும் வண்டி தயாராக நிற்க வேண்டும். அது இல்லாத சாவிப் பெட்டி வெறும் சண்டைப் பெட்டி.

"இன்றைக்கு ஓட்டுபவர் இவர்" என்று ஒருவரை ஒதுக்கும் வழக்கம் ஸ்காண்டிநேவிய நாடுகளில் இருந்தது. 1988-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகக் குழு அதை அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களின் கதைகளுக்குள்ளேயே கொண்டுவந்து பரப்பியது. பெல்ஜியத்தில் 1995 முதல் அவருக்குப் 'பாப்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். வழுக்கும் இடம் ஒன்றுதான்: இரவு முடிவில் "யார் கம்மியா குடிச்சது?" என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது. கிளம்பும் முன்பே தேர்ந்தெடுக்க வேண்டும், அவர் ஒரு சொட்டும் தொடக்கூடாது. மற்றவர்கள் வண்டி இருக்கிறதே என்று அளவு மீறுவதும் உண்டு, அதையும் சொல்லிவையுங்கள்.

கணக்குப்புத்தகம்:
தொடங்கும் முன்பே அளவுகோலை முடிவு செய்துகொள்ளுங்கள். எத்தனை போஸ்டர், எத்தனை கையெழுத்து என்பது உங்கள் உழைப்பின் அளவு மட்டுமே. பிடிபட்டோர் எண்ணிக்கையும் ஏமாற்றும். சோதனை கூடினால் வழக்குகள் கூடும், அதைப் பார்த்துப் பிரசாரம் தோற்றது என்று யாராவது எழுதிவிடுவார்கள்.

நம்பத்தகுந்த மாற்று, இரவு 9 முதல் காலை 6 வரை ஒரே வண்டி சம்பந்தப்பட்டு, ஆள் காயமடைந்த விபத்துகள். எல்லா விபத்திலும் ரத்தப் பரிசோதனை நடப்பதில்லை, ஆனால் இந்த வகையில் மதுவும் தூக்கமும் அதிகம். முந்தைய மூன்று ஆண்டுகளின் அதே மாதங்களோடு ஒப்பிடுங்கள், பிரசாரம் நடக்காத, ஒத்த இன்னொரு பகுதியையும் கூடவே பாருங்கள். ஒரே ஒரு மோசமான மாதத்துக்குப் பிறகு தொடங்கினால் எண்ணிக்கை தானாகவே குறையும், அதை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. சிறிய பகுதியென்றால் விபத்து எண்ணிக்கையே போதாது. அப்போது பெயர் கேட்காத இரண்டு கேள்விகள்: "கடந்த 30 நாளில் குடித்த பிறகு ஓட்டினீர்களா?", "இன்று இரவு குடித்துவிட்டு ஓட்டினால் பிடிபடுவீர்களா?" முன்பும் பின்பும் அதே இடத்தில், அதே கிழமையில், அதே வார்த்தைகளில் கேளுங்கள்.

சாலைத்தோழன்:
எல்லோருக்கும் நன்றி. நசுங்கிய காரையும் மூச்சுக் கருவியையும் விட்டுவிடுகிறோம். முதல் மாதம் காவல்துறையோடும் மதுக்கூட உரிமையாளர்களோடும் பேச்சு, கூடவே முன்கணக்கெடுப்பு. கல்லூரியில் ஒத்திகை, மருந்துக்கடைகளில் ஸ்டிக்கர். பதாகை வாசகம் இப்போதைக்கு இது: "கிளம்பும் முன்னே திரும்பும் வண்டியை முடிவு செய்யுங்கள். இந்த வாரம் முழுக்க இரவுச் சோதனை." சரியா?

சொல்லும்விதம்:
வாசகம் சரி, சாலைக்கு நீளம். 40 கி.மீ. வேகத்தில் வருபவர் 30 மீட்டர் தூரத்தை மூன்று நொடிக்குள் கடந்துவிடுவார், நான்கைந்து சொல்தான் கண்ணில் தங்கும். சாலையில் "இந்த வாரம் இரவுச் சோதனை" மட்டும் போதும். அந்தத் தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்க எழுத்து 25 செ.மீ. உயரமாவது இருக்கட்டும், சுழி நிறைந்த மெல்லிய எழுத்துரு வேண்டாம். திரும்பும் வண்டி பற்றிய வரி கைப்பேசிக்குப் போகட்டும், வெள்ளி, சனி மாலை ஆறு மணிக்கு. நிறுத்துமிடப் பலகையும் வாடகை வண்டி எண்ணும் மதுக்கூடத்துக்குள்ளேயே, கைகழுவும் இடத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில், நிற்பவர் கண் மட்டத்தில் ஒட்டுங்கள். அங்கே ஒவ்வொருவரும் அரை நிமிடமாவது நிற்பார்கள்.